டெஸ்மண்டின் சிவப்புப் பொத்தான்

டெஸ்மண்ட் ஹாலம் கோபக்காரர். நடுக்கவாதம் வந்த பிறகு அது இரட்டிப்பானது. காலையில் அவருக்கு மாத்திரை கொடுப்பதும் சட்டை மாட்டிவிடுவதும் என் வேலை. திட்டு வாங்குவது சம்பளத்தில் சேராதது.

இங்கிலாந்தின் டெர்பியில் அவர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் ஒரு சின்ன லேத், கடைசல் இயந்திரம், இருந்தது. பொம்மை நீராவி எஞ்சின்களுக்குப் பித்தளைச் சக்கரம் கடைவார். கை நடுங்கத் தொடங்கியதும் மகள் கில்லியன் சொன்னாள்: "விரல் போயிடும்ப்பா. சனிக்கிழமை ஆளக் கூட்டிட்டு வரேன், வித்துடலாம்."

"என் விரலுக்கு நீ என்ன காவலா?" என்று கத்தினார். அன்றே லேத்தில் உளியை நகர்த்தும் கைச்சக்கரங்களைக் கழற்றி எறிந்தார். இனிமேல் உளியைக் கணினி நகர்த்தட்டும் என்று முடிவு. மோட்டார்கள், குப்பைக்குப் போன நகல் இயந்திரத்தில் பிடுங்கியவை. கணினி, பக்கத்து வீட்டார் தூக்கிப் போட்டது. கம்பிகளை ஒட்டச் சாலிடர் வைத்தது நான். திட்டியது அவர்.

ஒன்றில் மட்டும் நான் மசியவில்லை.

"நிறுத்துற பொத்தான் இத்தனூண்டு வேணாம். தேநீர்த் தட்டு அளவுக்கு வேணும்."

"இது என்ன முதியோர் இல்லமா?"

"பொத்தான் இல்லேன்னா சாலிடரும் இல்ல."

சிவப்புப் பொத்தான் வந்தது.

சனிக்கிழமை கில்லியனுடன் வந்தவர் டெஸ்மண்டின் பொம்மை எஞ்சின் சங்கத்துக்காரர், நார்மன் பீச்.

"என் லேத்த விலைக்கு வாங்க வந்தியா? பிணந்தின்னி! முதல்ல பாரு," என்று டெஸ்மண்ட் ஓட்டிக் காட்டினார். உளி நகர்ந்தது. திடீரென்று பித்தளைக்குள் ஆழமாக இறங்கி, லேத்தே அலறியது. டெஸ்மண்ட் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லியபடி முஷ்டியால் பொத்தானை அறைந்தார். நின்றது.

"பாத்தீங்களாப்பா!" கில்லியன் அழுதேவிட்டாள்.

நார்மன் குனிந்து பார்த்துச் சிரித்தார். "தடிமன்ல ரெண்டு மில்லிமீட்டர் குறைக்க, கணினியில ரெண்டுன்னே போட்டியா?"

"போட்டேன். அதுக்கென்ன?"

பழைய கைச்சக்கரத்தில் இரண்டு கோடு திருப்பினால் உளி ஒரு மில்லிமீட்டர்தான் நகரும், தடிமனில் இரண்டு குறையும். அதற்கேற்றாற்போல்தான் கோடு போட்டிருந்தார்கள். கணினிக்கு அந்தக் கோடு தெரியாது. உளியையே இரண்டு நகர்த்தியது. சுற்றும் பொருளில் இரு பக்கமும் சேர்ந்து நான்கு போயிற்று.

"கைச்சக்கரத்துல பழகினவன் எவனும் முதல் தடவ இதத்தான் பண்ணுவான்," என்றார் நார்மன். "நானும் பண்ணேன்."

"சிரிக்காதீங்க. இது ஆபத்தா இல்லையா?" என்றாள் கில்லியன்.

"பித்தளதாம்மா போச்சு. விரல் பத்தும் இருக்கு. இவ்வளவு பெரிய பொத்தான் நடுங்குற கைக்கும் தப்பாது. நான் வாங்கல."

கில்லியன் அமுங்கிக் கிடந்த அந்தப் பொத்தானைத் திருகி மேலே எழவிட்டாள். தானே ஒருமுறை ஓங்கி அடித்துப் பார்த்தாள்.

"கூட ஆள் இல்லாம ஓட்டக் கூடாது."

"சட்டம் போட வந்துட்டா!" என்றவர் என் பக்கம் திரும்பி உறுமினார். "ஏன் மரம் மாதிரி நிக்கிற? அடுத்த துண்ட மாட்டு. பாதிதான் போடணும்."

தயவுசெய்து என்ற சொல் அந்த வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மாட்டினேன்.