கழற்றிப் போட்ட ஜன்னல் பட்டைகள்

எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலுக்குத் துணித் திரை கிடையாது. அலுமினியப் பட்டைகளை அடுக்கடுக்காகக் கயிற்றில் கோத்த பிளைண்ட்ஸ். மின்துறையில் வேலை பார்த்த காலத்தில் மேலதிகாரியின் அறையில் அதைப் பார்த்துவிட்டு வந்து, என் கணவரே சாமான் வாங்கி, தானே அளந்து வெட்டி, தானே கோத்து மாட்டினார். "இதுக்குன்னு ஒரு நாள் லீவு போடுவாங்களா?" என்று அன்றைக்குக் கத்தினேன். ஆனால் கோவில்பத்தில் எங்கள் தெருவிலேயே அப்படி ஒன்று எங்கள் வீட்டில்தான் இருந்தது. உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

பெருமை இருந்தால் போதுமா, துடைக்க வேண்டாமா? கடற்காற்றில் உப்பு ஈரம் படியும், அதன்மேல் ரோட்டுப் புழுதி ஒட்டும், அடுப்படித் தாளிப்புப் புகையும் வந்து சேரும். மாதம் தவறாமல் பழைய பனியனை நனைத்து அவரேதான் துடைப்பார், என்னைக் கிட்டே விடமாட்டார். எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது பட்டைகள் கன்னங்கரேலென்று பிசுபிசுத்துக் கிடந்தன. "என்னங்க, இப்புடி இருக்கு?" என்றேன். "எது?" என்று கேட்டார்.

அதற்குள் வேறு விஷயங்களும் நடந்திருந்தன. ஒரு நாள் பால் வாங்கப் போனவர் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில், படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருகிற அம்மாள் பார்த்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். "சும்மா காத்து வாங்கத்தான் போனேன்" என்று என்மேலேயே சிடுசிடுத்தார். இன்னொரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, சாப்பாடு ஆச்சா என்று கேட்டார்.

சென்னையிலிருக்கும் மகள் போனில் அழுதாள். "அம்மா, இது மறதி வியாதிம்மா. பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயி காட்டும்மா."

எனக்கு வந்ததே கோபம். "ஒங்கப்பாவுக்கு ஏழரை நடக்குதுடி. பெயர்ச்சி வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும். வியாதி கியாதின்னு வாய வைக்காத!"

ஊர் உலகமெல்லாம் வண்டி பிடித்துத் திருநள்ளாற்றுக்கு வருகிறது. எங்களுக்கு அது டவுன் பஸ் தூரம். அதனாலேயோ என்னவோ, எது நடந்தாலும் தூக்கிச் சனீஸ்வரன் தலையில் போடுவது எங்களுக்குப் பழக்கம். சனிக்கிழமைதோறும் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எள் விளக்குப் போட்டேன். சனி பிடித்தால் ஒரு நாள் விட்டுப் போகும். மகள் சொன்னது விட்டுப் போகாதாம். எனக்குச் சனிதான் வேண்டியிருந்தது.

போகிக்கு வீடு ஒழித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பிளைண்ட்ஸைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். கயிறும் உப்பில் இற்றுப்போயிருந்தது. அதை அறுத்துவிட்டுப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டேன். அவருடைய பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வழித்தேன். அழுக்கு கூழாகக் கையோடு வந்தது, அலசிய தண்ணீர் மூன்றாம் வாளியிலும் கறுப்பாகவே இருந்தது. பட்டையின் ஓரம் விரலைக் கீறி, சோப்பு பட்டு எரிந்தது. தேய்க்கத் தேய்க்க எனக்குள் ஒரே பேச்சுதான். இதை அவர் திரும்பக் கோத்து மாட்டிவிட்டால் அவருக்கு ஒன்றுமில்லை. மாட்டத் தெரியவில்லை என்றால், மகளுக்குப் போன் போட வேண்டியதுதான்.

காய்ந்த பட்டைகளைச் சாயங்காலம் கூடத்தில் குவித்தேன். பக்கத்தில் அதன் மேல்சட்டத்தையும் புது நைலான் கயிற்றையும் வைத்தேன்.

"ஏங்க, இதக் கொஞ்சம் கோத்து மாட்டுங்களேன். எனக்கு வரல."

அவர் குவியலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பட்டையை எடுத்தார், திருப்பினார், கீழே வைத்துவிட்டார். தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டேன். போதும், எடுத்து வைத்துவிடலாம் என்று குனிந்தேன்.

"தீப்பெட்டி கொண்டா" என்றார்.

கயிற்று நுனியைப் பொசுக்கி, சூட்டோடு விரலால் உருட்டிக் கூராக்கினார். பிறகு அந்தக் கை நிற்கவே இல்லை. சட்டத்தோடு ஏணி போல இருந்த நூலுக்குள் பட்டையைச் செருகுவதும், துளையில் கயிற்றை விடுவதும், அடியில் முடிச்சுப் போடுவதுமாக ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஸ்டூலில் ஏறி மாட்டி, இழுத்துப் பார்த்தார். பட்டைகள் பளபளவென்று கோணாமல் மேலே ஏறின.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறதி வியாதியாம், வியாதி! பொண்ணு இன்றைக்கு என்கிட்டே வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்தேன்.

காப்பியோடு வந்தபோது அவர் நாற்காலியின் விளிம்பில் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"வீட்ட நல்லா சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்றார். "வேல முடிஞ்சிது. இருட்டுறதுக்குள்ள நான் போவணும், எங்க வீட்டுல தேடுவா. வீட்டுக்காரரு வந்தாருன்னா ஒரு வார்த்த சொல்லிட்டுக் கெளம்பிடுவேன்."

"வந்துடுவாரு" என்றேன். "காப்பியக் குடிங்க."