என்ன நடந்ததோ அதை எழுதுங்க, சார்

வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு ஸ்வாதி போன் செய்தாள். வாகட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு பால்கனியில் துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "வசந்தா மேடம் போயிட்டாங்க சார், அஞ்சு நாற்பதுக்கு" என்று இந்தியில் சொன்னாள். அவள் வசந்தா சிஸ்டர் படுத்திருந்த மருத்துவமனை வார்டின் நர்ஸ், அவருடைய பழைய மாணவியும்கூட. நேரம் சொல்லாமல் எந்தச் செய்தியையும் சொல்லமாட்டாள். நான் விட்டுக்கொண்டே இருந்த தண்ணீர் தொட்டியைத் தாண்டி வழிந்து கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த துணியில் சொட்டியது. அவர் மராத்தியில் சத்தம் போட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

நம் தமிழ்ச் சங்கத்தில் பலருக்கு வசந்தா சிஸ்டரைப் பொங்கல் விழா வாசலில்தான் தெரியும். மேசை போட்டு உட்கார்ந்து எல்லோர் கையையும் பிடித்து இரத்த அழுத்தம் பார்ப்பார். "அரே, இவ்ளோ ஏறியிருக்கு, நீங்க சர்க்கரைப் பொங்கல் பக்கமே போவக் கூடாது" என்று உரக்கச் சொல்லி மானத்தை வாங்குவார். எனக்கு அவர் பதினான்கு வருடச் சக ஊழியர். எங்கள் கலைக் கல்லூரியில் நர்சிங் பட்டப் படிப்பைத் தொடங்கியபோது அதற்குத் தலைவராக வந்தார். நான் அங்கே 'சிந்தனையும் எழுத்தும்' என்ற பாடம் நடத்துகிறேன். வரலாறு படிக்கிறவர்களும் நாடகம் படிக்கிறவர்களும் நர்சிங் படிக்கிறவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கவேண்டிய கட்டாயப் பாடம் அது.

சிஸ்டர் கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். தமிழ் மணிமணியாகப் பேசுவார், நடுவில் இந்தி தானாக வந்து உட்காரும். வாசிப்பு மட்டும் எழுத்துக்கூட்டித்தான். இந்தக் கட்டுரையைப் படிக்க அவர் இருந்திருந்தால் முதல் பத்தி முடிவதற்குள் எனக்குப் போன் வந்திருக்கும். "சார், இவ்ளோ நீட்டுக்கு எழுதினா யாரு படிப்பா, சொல்லுங்க?"

எங்கள் அறிமுகமே சண்டையில்தான் தொடங்கியது. என் வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு. நர்சிங் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு மருத்துவமனையிலிருந்து பஸ்ஸில் நேராக வந்து கடைசி இரண்டு வரிசையில் உட்காருவார்கள். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் கோபக்காரன். எழுத்தில் புகார் கொடுத்தேன். அவர் அந்தக் காகிதத்தோடு என் அறைக்கு வந்தார்.

"சார், தூங்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. எத்தனை மணிக்கு எழுந்தாங்கன்னு எழுதலையே?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"நாலரைக்கு. ஆறு மணிக்கு வார்டு. ஒருநாள் எங்க பக்கம் வாங்க, சும்மா படுத்துட்டுப் போங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் அவருடைய பயிற்சி வார்டில் மூன்றாம் நம்பர் கட்டிலில் என்னை உண்மையாகவே படுக்கவைத்துவிட்டார். அது அவர் வைத்திருந்த வழக்கம். முதல் வருடப் பிள்ளைகள் பொம்மையிடம் பழகி முடித்ததும், கல்லூரியில் வேறு பாடம் நடத்துகிற யாராவது ஒருவர் நோயாளியாக வந்து ஒரு மணி நேரம் படுக்கவேண்டும். எழக்கூடாது, கேட்டால் தவிரப் பேசக்கூடாது. என் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அதை நினைத்தே எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு பெண் வந்து ஒன்றும் சொல்லாமல் என் காலைப் பிடித்தாள். சிஸ்டர் பாய்ந்துவிட்டார். "பேர் கேட்டியா? என்ன செய்யப்போறேன்னு சொன்னியா? சொல்லாம தொடறதுக்கு இது என்ன, மேசையா?"

அந்தப் பெண்தான் ஸ்வாதி. ஆகுர்டியில் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். வெளியே போய்த் திரும்பவும் உள்ளே வந்து, "வணக்கம், நான் ஸ்வாதி, உங்க கால் துடைக்கப்போறேன், துடைக்கலாமா?" என்று கேட்டாள். துடைக்கலாம் என்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு, யார் எப்போது வருவார்கள் என்று தெரியாமல் கிடந்தது எனக்குச் சுகமாக இல்லை. அதற்குப் பிறகு பின்வரிசையில் யார் தூங்கினாலும் எழுப்புவதில்லை.

திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருடம்தான் பெரிய தப்பைச் செய்தேன். 'முன்பின் தெரியாத ஒருவர்' என்ற தலைப்பில் இரண்டு பக்கக் கட்டுரை கேட்டிருந்தேன். தேர்ச்சியே அந்தக் கட்டுரையில்தான். ஸ்வாதி கொடுத்தது ஒரே பக்கம், ஓரத்தில் வரிசையாக நேரம். வார்டு குறிப்பைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள் என்று எனக்கு எரிச்சல். நாலு வரிகூடப் படிக்கவில்லை. "இது கட்டுரை அல்ல, பட்டியல்" என்று சிவப்பு மையில் எழுதிப் பூஜ்யம் போட்டு, மதிப்பெண்ணை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பாடம் தேறாவிட்டால் நர்சிங்கில் மூன்றாம் வருடம் போகமுடியாது, அந்த வருட வார்டுப் பயிற்சியும் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

சிஸ்டர் அந்தக் கட்டுரையோடு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு நிமிஷம் கேளுங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து படித்தார். ஆங்கிலத்தில் இருந்ததை என் தமிழில் தருகிறேன்.

10.20 – தண்ணீர் கேட்டார். இரண்டு வாய் குடித்தார்.
10.45 – மகன் வந்தானா என்று கேட்டார். இல்லை என்றேன்.
11.10 – மகன் வந்தானா என்று கேட்டார். வழியில் இருக்கலாம் என்றேன். அது எனக்குத் தெரியாது.
11.30 – தண்ணீர் வேண்டாம் என்றார்.
11.50 – கேட்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மறையாமல் தள்ளி நின்றேன்.

படித்து முடித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை எடுத்து முழுவதும் படித்தேன். இருபது வருடம் எழுத்து சொல்லிக்கொடுத்தவன் நான், வெட்கக்கேடு. அப்படியும், "மதிப்பெண் போய்விட்டதே மேடம், இனி ஆசிரியர் குழுவில்தான் சொல்லவேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இழுத்தேன். எல்லார் முன்பும் நின்று தப்பென்று சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் எழுந்துவிட்டார். "சார், தப்பு மருந்து குடுத்துட்டா நாங்க டியூட்டி முடியறதுக்குள்ள எழுதிக் குடுக்கணும். மறைச்சா அடுத்த டியூட்டிக்காரிக்குத் தெரியாது, பேஷன்ட் உயிர் போயிடும். யாரு மேல தப்புன்னு அதுல எழுதறதில்ல. என்ன நடந்ததோ அதை எழுதுங்க, சார். அவ்ளோதான்."

மறுநாள் குழுவைக் கூட்டச் சொன்னேன். எழுதி வைத்திருந்த ஆறு வரியைப் படித்தேன். நான் முழுவதும் படிக்காமல் பூஜ்யம் போட்டேன் என்பது இரண்டாவது வரி. ஒரு பேராசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. மதிப்பெண் திருத்தப்பட்டது, ஸ்வாதி மூன்றாம் வருடம் போனாள். வெளியே வந்தால் சிஸ்டர் படியில் உட்கார்ந்திருக்கிறார், கையில் இரண்டு வடாபாவ். "சலோ, உயிர் இருக்கு இல்ல? சாப்பிடுங்க" என்றார். அன்றைக்கு அதோடு கடித்த பச்சைமிளகாய் உறைத்தது போல என்றும் உறைத்ததில்லை. அதற்குப் பிறகு என் பாடத்தில் முதல் கட்டுரை எல்லோருக்குமே நேரம் போட்ட அந்தப் பட்டியல் வடிவம்தான். நாடகம் படிக்கிற பிள்ளைகள் முனகுவார்கள். சிஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். "இப்ப தூங்கறதில்லையா?" என்று கேட்டார். தூங்குகிறார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்று மாதம் முன்பு சிஸ்டருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. முதல் இரண்டு மாதமும் வாராவாரம் போய்ப் பார்த்தேன். படுத்த இடத்திலிருந்தே டிரிப் சரியாக ஓடுகிறதா என்று நர்ஸ்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி மூன்று வாரம் நான் போகவில்லை. இதைத்தான் இங்கே எழுதவேண்டும், மற்றதெல்லாம் இதற்காகத்தான் எழுதினேன். அவர் மெலிந்துகொண்டே போனதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் அது காரணம், நடந்தது அல்ல. காரணம் எழுதினால் அவர் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார்.

நடந்ததை எழுதுகிறேன். முந்தின நாள் சிஸ்டர் எப்படி இருந்தார் என்று வெள்ளிக்கிழமை ஸ்வாதியிடம் நானாகத்தான் கேட்டேன். அவள் தயங்கினாள். பிறகு டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் விவரம் ஒப்படைக்கிற குரலில் சொன்னாள்.

வியாழன் மாலை, 4.10 – சார் வந்தாரா என்று கேட்டார். இல்லை என்றாள்.
4.40 – சார் வந்தாரா என்று கேட்டார். வழியில் இருக்கலாம் என்றாள். அந்த நேரம் நான் வீட்டில், சாலையில் நெரிசல், போகமுடியாது என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.
5.15 – கேட்கவில்லை.

"நீ எங்கே நின்றாய்?" என்று கேட்டேன்.

"தள்ளித்தான் சார்" என்றாள்.

ஸ்வாதியின் அந்த ஒரு பக்கக் கட்டுரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மதிப்பெண் திருத்தப்பட்ட பிறகு, சிவப்புப் பூஜ்யத்தை அடித்துவிட்டுத்தான் சிஸ்டர் அதை என்னிடம் கொடுத்தார். அவரிடமிருந்து என்னிடம் இருக்கிற பொருள் அது ஒன்றுதான். இன்று அதன் பின்பக்கத்தில், வியாழக்கிழமையின் இந்த மூன்று வரியை நேரத்தோடு எழுதி வைத்தேன். டியூட்டி முடிவதற்குள் எழுதவேண்டியது, சிஸ்டர். நாலு நாள் தாமதம்.