எச்சில் வாங்கப் போனவன்

அடுத்தவர் எச்சிலைக் கைநீட்டிக் கேட்டு, அதைப் பத்திரமாக ஐஸில் வைத்து ஊருக்கு அனுப்புகிற தொழில் ஒன்று உண்டு. அதை நான் மூன்று வருடம் பார்த்தேன். கணக்கெடுக்கவும் பாலிசி பிடிக்கவும் வீடு வீடாகப் படியேறிச் செருப்பைத் தேய்த்த என் இனத்தாரே, உங்களைக் கண்டதும் கதவைத்தான் சாத்தியிருப்பார்கள். என்னைக் கண்டதும் வாயைச் சாத்தினார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. செல்போன் எல்லார் கைக்கும் வந்து சேரவில்லை. நெசவாளர் வீடுகளில் மனக்கவலை எவ்வளவு என்று அளப்பதற்குச் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு காஞ்சிபுரத்துக்கு வந்தது. கவலை வந்தால் உடம்பில் கார்டிசால் என்று ஒன்று சுரக்குமாம், அதை எச்சிலிலேயே அளக்கலாமாம். நல்ல உடம்பில் அது காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்கும்.

ஆளுக்கு நாலு குழாய். வெள்ளை மூடி, தூங்கி எழுந்தவுடன். நீல மூடி, அரை மணி கழித்து. மஞ்சள் மூடி, சாயங்காலம் நாலு மணிக்கு. சிவப்பு மூடி, படுக்கப் போகும்போது. குழாயில் உள்ள பஞ்சை வாயில் அதக்கி ஊறவைத்து, மறுபடி குழாயில் போட்டு மூடி, நேரத்தைச் சீட்டில் எழுத வேண்டும். மறுநாள் நான் மொபெட்டில் போய் வாங்கிவந்து சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ‘எச்சில் சாரு’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் என் மாமியார் வீடுவரைக்கும் போய்ச் சேர்ந்தது.

கொல்லைப்புற மாடம்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு தொழில்காரர்களும் வேண்டும் என்றார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் சம்மதித்தார். குழாய்களைக் குளிர்பெட்டியில் வையுங்கள் என்று நான் சொன்னதும் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. பெருமாளுக்கு எடுத்துவைத்த பால் இருக்கிற இடத்தில் எச்சிலா என்றார் அந்த அம்மாள். அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை, என் வீட்டிலும் கேட்டிருப்பார்கள்.

மறுநாள் போனபோது வாத்தியார் வாசலிலேயே காத்திருந்தார். நாலு குழாயிலும் நேரம் நிமிடம் பிசகாமல் எழுதியிருந்தது. ஆனால் குழாய்கள் அவர் கையில் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கொல்லைப்புற மாடத்துல வெச்சிருக்கேன், நீங்களே போய் எடுத்துக்கோங்கோ. என் கையால ஒருத்தருக்கு எச்சில் குடுத்தேன்னு இருக்க வேண்டாம்.”

வெற்றிலை

ஏகாம்பரம் என்ற தறிக்காரரின் குழாய்கள் நாலும் செக்கச்செவேலென்று வந்தன. ரத்தமா என்று சென்னையிலிருந்து கேட்டுவிட்டார்கள். ரத்தமில்லை, வெற்றிலை. ஒரே ஒரு நாள் போடாமல் இருங்கள் அண்ணா என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

இருந்தார். அன்று அவர் தறியில் இழை அறுந்ததாம், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாராம், பேசாமலிருந்த மைத்துனரிடம் வலியப் போய்ச் சண்டை போட்டாராம். எல்லாவற்றையும் அவர் மனைவி எனக்கு வரிசையாக ஒப்பித்தார். ஏகாம்பரம் நாலு வெள்ளைப் பஞ்சுகளையும் என் பெட்டியில் போட்டுவிட்டுக் கேட்டார்: “வெத்தல போடாம வந்த டென்சனும் இதுல சேந்துதான் இருக்குது. அத எப்படி சாரு பிரிச்சி எடுப்பீங்க?”

நேர்க்கோடு

இரண்டு வாரம் கழித்து முடிவுகள் வந்தன. நாலு குழாயின் அளவையும் கோடாகப் போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் காலையில் ஏறி இறங்குகிற கோடு. தனபால் என்ற இளைஞருக்கு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. போய்க் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. “நாலு வாட்டி துப்பிக்கினு இருந்தா தறி யாரு ஓட்டறது சாரு? காலையிலயே மொத்தமா முடிச்சிட்டேன். எப்ப துப்புனாலும் என் எச்சில்தானே?” என்றார்.

இதை எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னை மேடத்திடம் சொன்னேன். அவர்தான் எங்கள் ஆராய்ச்சியின் தலைவி. நீங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கிற லட்சணம் இதுதானா என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சட்டமும் போட்டார்: “இனிமே நேர்க்கோடு வந்தா பொய்னு அர்த்தம். குறிப்புல ‘நம்பத் தகாதது’ன்னு எழுதி அனுப்பிடுங்க, நாங்க பேரை எடுத்துடறோம்.”

கடிகாரப் பாடம்

வசந்தாவைச் சந்தித்தது அதற்கடுத்த வாரம். முப்பது வயசிருக்கும். கணவர் பெங்களூரில் விசைத்தறி ஓட்டினார், மாதம் ஒருமுறை வருவார். இங்கே தறியில் வசந்தா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு முக்காலியில் பத்து வயசுப் பெண் தீபா நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எச்சில் கொடுப்பவர்களில் யாருக்குக் கோடு மோசமாக இருக்கிறதோ, அவர்களையும் அவர்கள் வீட்டாரையும் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பெரிய டாக்டர் வருவார் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். வசந்தா அதற்காகத்தான் சம்மதித்தார். “என் பொண்ணுக்கு வலிப்பு சாரு. இங்க காட்டாத எடமில்ல. அவரு இவளப் பாப்பாரா?” என்று இரண்டு தடவை கேட்டார். பார்ப்பார் என்று இரண்டு தடவை சொன்னேன். தீபா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பார்வைக்கு நோயாளியாகவே தெரியவில்லை.

குழாய்களைக் கையில் வாங்கியதும் வசந்தா வெள்ளை மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட்டில் எழுந்த நேரம் என்று போட்டிருக்கிறதே, அதில் என்ன எழுதுவது என்று கேட்டார். பாவம், மணி பார்க்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, சின்ன முள், பெரிய முள் என்று பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். வசந்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “அது தெரியுது சாரு. எழுந்த நேரம்தான் தெரியல.”

சாமி கயிறு

வசந்தாவுக்கு நேர்க்கோடு வந்தது. சீட்டில் எழுந்த நேரம் என்ற கட்டம் காலி. இன்னொரு தடவை குழாய் கொடுத்தேன். மறுபடியும் நேர்க்கோடு. தனபாலிடம் ஏமாந்த சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. நேராகப் போய், நாலையும் ஒரே நேரத்தில் நிரப்பினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மிஷின் பொய் சொல்லாதும்மா என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெயிலில் நிற்கிற மொபெட்டில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது எனக்கு.

அவர் மணிக்கட்டில் அரக்கு நிறப் பட்டு நூலை முறுக்கி ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தார். தீபாவின் கையிலும் அதே நூல். எங்கள் ஊரில் யார் கையில்தான் கோயில் கயிறு இல்லை? அதைக் காட்டி, “சாமி கயிறு கட்டின கையால பொய் எழுதலாமாம்மா?” என்று கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. வசந்தா தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது சாமி கயிறு இல்ல சாரு” என்றார்.

பட்டியல்

அது என்ன கயிறு என்று நான் கேட்கவில்லை. மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு வந்து, குறிப்பில் ‘நம்பத் தகாதது’ என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன்.

டாக்டர் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வாசலில் பட்டியலோடு நின்றவன் நான்தான். வசந்தா தீபாவுக்குக் கனகாம்பரம் வைத்து, பட்டுப்பாவாடை கட்டி அழைத்துவந்தார். பெயர் இல்லையம்மா என்றேன். நானே பார்க்கிறேன் என்று பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். எட்டாவது வரை படித்தவராம், அன்றுதான் சொன்னார். உள்ளே போய் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மாட்டேன் என்றிருக்கமாட்டார். பொய் சொன்னவருக்குச் சலுகையா என்று என் ரோஷம் தடுத்தது. வசந்தா சண்டை போடவில்லை. பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போகும்போது தீபா கேட்டது என் காதில் விழுந்தது: “ஏம்மா, நம்ம எச்சில் நல்லா இல்லியா?”

எழுந்த நேரம்

அடுத்த வருடம் அதே வீடுகளில் இரண்டாம் சுற்று. நீக்கப்பட்டவர்களுக்கும் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கச் சொன்னார் மேடம். வசந்தா வீட்டுக்குப் போனேன். தீபாவின் முக்காலியின்மேல் நூல் சுற்றிய தார்க்குச்சிகள் போட்ட கூடை இருந்தது. பெண் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாளா என்று கேட்டேன். ஐப்பசியில் போய்விட்டாள் என்றார். எங்கே என்று கேட்கப்போய், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. இந்தத் தடவை கயிற்றைப் பற்றிக் கேட்டேன். தீபாவுக்குத் தூக்கத்தில்தான் வலிப்பு வருமாம், சத்தமே இருக்காதாம். பாயில் படுத்ததும் தன் கையில் சுற்றிய நூலை அவிழ்த்து, ஒரு முனையை மகள் கையில் முடிந்துகொள்வாராம். உடம்பு வெட்டினால் நூல் இழுக்கும், உடனே திருப்பிப் படுக்க வைக்கலாம். இழுத்துவிடுமோ என்று காத்துக்கொண்டே கிடந்ததில் நாலு வருடமாகத் தூக்கம் என்பதே கிடையாதாம். தூங்கினால்தானே எழுந்த நேரம் என்று ஒன்று இருக்கும்? ராத்திரியும் பகலும் ஒன்றாகப் போன உடம்பில் கோடு எங்கிருந்து ஏறும், எங்கிருந்து இறங்கும்? டாக்டர் பார்த்து மருந்தை மாற்றியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாதது ஒரு ஆறுதலாகவும் இல்லை.

வசந்தா என்மேல் கோபப்படவில்லை. குழாய்களை வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளை மூடியைத் துடைத்தபடி, ஊர் விஷயம் சொல்வதுபோலச் சொன்னார்: “அன்னிக்கு மட்டும் நூலு இழுக்கவே இல்ல சாரு. நான் விடியற வரைக்கும் தூங்கிட்டேன்.”

அழகான கோடு

மறுநாள் வாங்கிவந்த சீட்டில் எந்தக் கட்டமும் காலியாக இல்லை. எழுந்த நேரம், ஆறு பத்து. முடிவு வந்ததும் மேடம் தானே பூத்துக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தம்மா இந்தத் தடவைதான் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார், கோடு புத்தகத்தில் இருக்கிற மாதிரி இறங்குகிறது, அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

போன தடவை கொடுத்ததும் நிஜம்தான் மேடம் என்றேன். பூத்தில் மின்விசிறி இல்லை, வியர்த்துக் கொட்டியது. நூலையும் தூக்கத்தையும் தீபாவையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். பிறகு மேடம் மெதுவாகக் கேட்டார்: “அப்ப குறிப்புல நீங்க ஏன் அப்படி எழுதினீங்க?”

ஒரு ஊரின் எச்சிலை நாலு வேளையும் நிமிடக் கணக்கு பார்த்து வாங்கிவந்தவனுக்கு, ‘ஏம்மா நீங்க தூங்கறதில்லையா’ என்று கேட்க மூன்று வருடத்தில் ஒரு நிமிடம் கிடைக்கவில்லை என்பதுதான் நான் பார்த்த உத்தியோகம்.