ஒத்தோனியேலின் சில்லுக்கால்

ஒத்தோனியேலைக் கடைக்குள் விடாதே என்று என்னிடம் சொன்னவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். ஆட்டம் நடக்கிற நாளில் மட்டும். மற்ற நாட்களில் அவனைப் போலத் தங்கமான மனுஷன் கம்பீனா கிராந்தி ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான் என்று சொல்வதும் அதே நாற்பது பேர்தான்.

எங்கள் பேட்டையில் கேஸ் சிலிண்டர் போடுகிறவன் அவன். நான் ஜசீரா, தெருமுனையில் சோளப்புட்டும் மரவள்ளி அடையும் காபியும் விற்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக என் அடுப்புக்கு அவன் சிலிண்டர், அவன் வயிற்றுக்கு என் புட்டு. அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்ளலாம்.

அவனுக்குச் சில்லுக்கால். அப்படிப்பட்டவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம் விளங்காது என்பது எங்கள் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜூன் திருவிழா நடனப் போட்டிக்கு எங்கள் பேட்டைக் குழுவை மூன்று வருஷம் அவன் வண்டியில்தான் ஏற்றிப் போனான். மூன்று வருஷமும் கடைசி இடம். ஜெர்மனிக்காரனிடம் நம் அணி ஏழு கோல் வாங்கிய அன்று மஞ்சள் சட்டை போட்டிருந்தவர்கள் பல கோடிப் பேர். ஆனால் எங்கள் தெருவில் பழி இவன் ஒருத்தன் தலையில்தான் விடிந்தது. அவனும் மறுத்துப் பேசவில்லை. போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான், பாவி.

இவனுக்கு ஒரே மகன், ஈத்தலோ. அவனுக்கு ஏழு வயதாகும்போது தாய்க்காரி ரெசீஃபிக்குப் போனாள், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டாள். பையனை வளர்த்தது சிலிண்டர் வண்டியும் என் புட்டும்தான். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். கம்ப்யூட்டரில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் சுட்டுக்கொள்கிற ஆட்டம். ஒரு பக்கம் குண்டு வைக்கும், மறுபக்கம் தடுக்கும். அதுதான் என் தொழில் என்றான். ஒத்தோனியேல் அன்று கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கி வீதியில் எறிந்து, "நீ உருப்படவே மாட்டே" என்று கத்தியது என் கடை வரை கேட்டது. பிறகு அவனே அந்த ஒயரைப் பொறுக்கிக்கொண்டு போனான். அதை நான் பார்த்தேன், பையன் பார்க்கவில்லை.

பத்தொன்பது வயதில் சாவ் பாவுலோவில் ஒரு அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பாக்காரர்களோடு ஆட்டம் என்றால் எங்களுக்குக் காலை பத்து மணிக்கு இருக்கும். என் கடைத் தொலைக்காட்சி முன்னால் கூட்டம் அம்மும். பாதிப் பேருக்கு ஆட்டத்தின் மேல் கண். மீதிப் பேருக்குக் கையிலுள்ள போனின் மேல் கண். யார் ஜெயிப்பான், அடுத்த சுற்று யாருக்கு, முதலில் சாகப்போவது எவன், எல்லாவற்றுக்கும் பந்தயம். முடிவெட்டுகிற டமியாவோ கத்தரியைக் காதில் சொருகிக்கொண்டு, பாதி வெட்டிய தலையை நாற்காலியில் காக்கவைத்துவிட்டுப் பந்தயம் கட்ட ஓடிவருவான்.

ஒத்தோனியேலும் கடையிலேயே கைக்காசாகக் கட்டினான். மகன் அணி ஜெயிக்கும் என்று மூன்று ஆட்டத்துக்கு இருபது இருபது ரெயால். மூன்றும் ஊற்றிக்கொண்டது.

"டேய், உன் காலைக் கொண்டுபோய் எங்கேயாவது புதைடா. பெத்த புள்ளையையே கவுத்துட்டியே!" என்றான் டமியாவோ.

நாலாவது ஆட்டத்தன்று காலையில் ஈத்தலோவே போன் செய்தான். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

"பா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதே. இன்னைக்கு எங்களுக்கு எதிரா கட்டேன்."

"உனக்கு எதிராவா? வாய்ல வருதா பாரு உனக்கு?"

"உன் கால் அந்தப் பக்கம் போகட்டும் பா. சும்மா இருபது ரெயால்."

கட்டினான். மகன் ஜெயித்தான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஆட்டத்தன்று காலையில் பையனிடமிருந்து ஒரே ஒரு குரல் செய்தி வரும்: "பா, கட்டியாச்சா?" இவன் பதில் அனுப்புவான்: "கட்டியாச்சுடா." அவ்வளவுதான். சாப்பிட்டாயா, தூங்கினாயா எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஒரு செய்தியை ஒத்தோனியேல் வண்டியில் போகும்போது திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பான்.

அவன் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. பத்து மணி அடித்தால், சிலிண்டர் வந்திருக்கிறது என்று தெருவுக்குச் சொல்லும் வண்டிப் பாட்டை நிறுத்திவிட்டுத் தெருத்தெருவாகச் சுற்றுவான். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் என் கடையைக் கடப்பான். கேட்கமாட்டான், என் முகத்தை மட்டும் பார்ப்பான். நான் சிரித்தால் ஒரு சுற்று, உம்மென்று இருந்தால் இன்னொரு சுற்று. டீசல் போன கணக்கைக் கடவுள்தான் அறிவார்.

அப்படி எதிராகக் கட்டிய பதினொரு ஆட்டத்தில் ஒன்பதில் பையன் அணி ஜெயித்தது. தோற்ற இரண்டு நாளும் பந்தயப் பணம் இவனுக்கு வந்தது. அந்தக் காசில் எல்லோருக்கும் கோழி வடை வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் ஒன்றைக்கூடத் தொடாமல், எழவு வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

நான் சொன்னேன்: "ஒத்தோ, உன் பேர்ல கட்டாதே. எவனாவது வம்பு பண்ணுவான். என் தங்கச்சி பேர்ல கட்டு."

"அதெப்படிக்கா? சில்லுக்கால் எனக்கு, பேர் உன் தங்கச்சிக்கா? என் பேர்ல, என் மூஞ்சியக் காட்டிக் கட்டினாத்தான் வேலை செய்யும்."

சொந்தப் பெயர், சொந்த வரி எண், சொந்த முகம். போனில் கணக்குத் திறக்கும்போது, 'நீங்கள் ஆட்டக்காரரின் உறவினரா?' என்று ஒரு கேள்வி வந்ததாம். கால்பந்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து 'இல்லை' என்று அழுத்தியிருக்கிறான். இப்படிப்பட்ட புத்திசாலியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பன்னிரண்டாவது ஆட்டம் பெரியது. ஜெயித்தால் பையன் உலகப் போட்டிக்குப் போவான். இருபது ரெயாலுக்கு இருபது ரெயால் ராசிதான் கிடைக்கும் என்று இந்த மடையன் கணக்குப் போட்டான். வண்டிக்கு டயர் மாற்ற வைத்திருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும் மகனுக்கு எதிராகக் கட்டிவிட்டான். அணி ஜெயித்தது. பணம் போயிற்று. வழுக்கை டயரோடு தெருவெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு அழுதபடி வண்டி ஓட்டினான். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

ஆறே நாள்தான். அவ்வளவு பெரிய தொகை யார் கண்ணையோ உறுத்தியிருக்கிறது. ஆட்டக்காரனின் அப்பனே மகன் அணிக்கு எதிராகப் பன்னிரண்டு தடவை கட்டியிருக்கிறான் என்று போட்டி நடத்துகிறவர்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். பையனை அணியிலிருந்து ஒதுக்கிவைத்து விசாரணை. அணி மேலாளர் ஒத்தோனியேலுக்குப் போன் செய்து சுருக்கமாகச் சொன்னார்: அப்பா கட்டியது மகனுக்குத் தெரியாது என்றால் மூன்று மாதத் தடை. தெரியும் என்றால் இரண்டு வருஷம். இருபது வயதுப் பையனுக்கு இரண்டு வருஷம் என்றால் அத்தோடு முடிந்தது. அதற்குள் அவன் விரலைவிட வேகமான விரல்கள் ஆயிரம் வந்துவிடும்.

"உள்ளதச் சொல்லிடு. விசாரிக்கிற அம்மா சாவ் பாவுலோக்காரி, நம்ம நாட்டுக்காரி. சில்லுக்கால்னா அவளுக்குப் புரியாதா?" என்றேன்.

"புரியும்கா. புரிஞ்ச உடனே அடுத்த கேள்வி என்ன கேப்பா? 'உங்க மகனுக்குத் தெரியுமா'ன்னுதானே?"

அன்று மத்தியானம் என் கடை வாசலில் உட்கார்ந்து அந்தக் குரல் செய்திகளை ஒவ்வொன்றாகக் கடைசித் தடவை கேட்டு அழித்தான். 'பா, கட்டியாச்சா?' அழித்தான். 'பா, கட்டியாச்சா?' அழித்தான். மகன் ஊரை விட்டுப் போன பிறகு அவனிடம் இருந்த மகன் குரல் அவ்வளவுதான். நான் புட்டுப் பானையைத் தேய்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

விசாரணை நடந்தது என் கடையில். அவன் வீட்டில் இணையம் நொண்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அடுப்போரமாக நின்றேன். திரையில் அந்த அம்மா, மொழிபெயர்ப்பாளரோடு ஒரு வெளிநாட்டுக்காரர், ஓரத்துச் சின்னக் கட்டத்தில் ஈத்தலோ.

"உங்க மகன் அணிக்கு எதிரா பன்னிரண்டு தடவை கட்டியிருக்கீங்க. ஏன்?"

"தோப்பாங்கன்னு நெனச்சேம்மா."

"பத்து தடவை பணம் போயிருக்கு. அப்பவும் ஏன் நிறுத்தலை?"

ஒத்தோனியேல் திரையின் ஓரத்துக் கட்டத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு சொன்னான்:

"நான் அவனை எப்பவுமே நம்பினதில்லம்மா. பள்ளிக்கூடத்த விட்டப்பவே சொன்னேன், நீ உருப்பட மாட்டேன்னு. ஒயரைப் புடுங்கி வீதில எறிஞ்சேன். ஒவ்வொரு தடவையும் இன்னைக்குத் தோத்துடுவான், இன்னைக்குத் தோத்துடுவான்னுதான் கட்டினேன்."

"இது உங்க மகனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பெத்த புள்ளகிட்ட எந்த அப்பன் இதைச் சொல்லுவான்?"

சின்னக் கட்டத்தில் ஈத்தலோ தலையைக் குனிந்துகொண்டான். ஒத்தோனியேல் பொய் சொன்னது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல அவன் கொடுத்த விலை எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது.

மூன்று மாதத் தடை வந்தது. உலகப் போட்டி போயிற்று, தொழில் பிழைத்தது. ஒத்தோனியேலின் பந்தயக் கணக்கை ஆயுசுக்கும் மூடினார்கள். மகனிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. இவன் போன் செய்தால் எடுப்பதில்லை.

அந்த மூன்று மாதமும் ஒத்தோனியேல் ஓரிடத்தில் உட்காரவில்லை. யாரும் கேட்காத சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவான், திரும்பத் தூக்கிக்கொண்டு போவான். ஒரு காபியை நாலு தடவை எழுந்து நின்று குடிப்பான்.

"அக்கா, அவன் நெசம்னு நம்பிட்டானோ?"

"லூசா நீ? கட்டச் சொன்னதே அவன்தானே!"

"கட்டச் சொன்னது தெரியும். ஒயரைப் புடுங்கினதும் அவனுக்குத் தெரியுமேக்கா."

ஒயரைப் பொறுக்கிக்கொண்டு போனதைப் பையனிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று திட்டினேன். சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவன் போன பிறகு நானே ஈத்தலோவுக்கு அதைச் சொல்லிக் குரல் செய்தி அனுப்பினேன். கேட்டான் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

தடை முடிந்து முதல் ஆட்டம். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. ஒத்தோனியேல் என் கடை வாசலில் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான், தெரு சுற்றக் கிளம்ப. போன் அடித்தது.

"பா."

இவன் போனை ஒலிபெருக்கியில் போட்டு என் பக்கம் நீட்டினான்.

"இன்னைக்கு நீ கட்ட முடியாது, தெரியும். வண்டிய எடுத்துட்டு சுத்தாதே. ஜசீராக்கா கடையில உக்காந்து பாரு."

"வேணாம்டா, என் காலு..."

"தோத்தாலும் பரவால்ல பா. பாரு." வைத்துவிட்டான்.

ஒத்தோனியேல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். கடையே எழுந்துவிட்டது.

"யோவ், எந்திரி! அம்பது ரெயால் கட்டியிருக்கேன்யா!" என்று டமியாவோ அவன் தோளைப் பிடித்தான்.

நான் புட்டுப் பானை மூடியோடு வந்தேன். "எவன் அவன்மேல கை வைக்கிறானோ அவனுக்கு இந்தக் கடையில இனிமே காபி கிடையாது. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன், டமியாவோ."

டமியாவோ கையை எடுத்தான். உடனே போனை எடுத்து எதிரணி மேல் நூறு ரெயால் கட்டினான்.

ஆட்டம் தொடங்கியது. திரையில் பத்துப் பேர் ஓடினார்கள். ஒத்தோனியேல் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இதுல நம்ம பையன் எது?"

கீழே இடமிருந்து மூன்றாவது பெயர் என்று காட்டினேன். அதற்குப் பிறகு அவன் கண் அதைவிட்டு நகரவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பதின்மூன்றைத் தொடுகிற பக்கம் ஜெயிக்கும்; எதிரணி பன்னிரண்டு, பையன் அணி பதினொன்று என்று இழுத்தது. கடைசிச் சுற்றில் ஈத்தலோ தனியாள், எதிரில் இருவர். ஒருவனைச் சாய்த்தான். இன்னொருவன் ஒரு மூலையில் காத்திருந்தான். ஈத்தலோ எட்டிப் பார்த்தான், முடிந்தது. பதின்மூன்றுக்குப் பதினொன்று, தோல்வி. அன்று கடையில் காசு ஜெயித்தது டமியாவோ ஒருத்தன்தான். அவனும் சிரிக்கவில்லை.

யாரும் ஒத்தோனியேலைத் திட்டவில்லை. அரை மணி கழித்துப் போன் வந்தது, இந்தத் தடவையும் ஒலிபெருக்கியில்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும். அந்த மூலையில நீ அவசரப்பட்டிருக்கக் கூடாதுடா. அவன் அங்கதான் நின்னான், எனக்கே தெரிஞ்சுது."

ஈத்தலோ சிரித்தான். "எங்க கோச்சும் அதையேதான் கத்துறார்."

"என்னாலதான்டா தோத்தே."

"ஆமா, உன்னாலதான். வெள்ளிக்கிழமை மறுபடி இருக்கு, பத்து மணிக்கு." குரல் கொஞ்சம் இறங்கியது. "அதே நாற்காலியில உக்காரு பா."