மருவுக்கு பிளேடு வைத்தியம்

என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுதான் மகள் ஸ்கூல் வேன் வரை நடப்பாள். அந்த விரலில் மரு வந்ததிலிருந்து, அவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று நான் கை கொடுப்பதில்லை. அவளுக்கு ஒரே கோபம்.

அதனால் இன்று லிங்கராஜபுரத்தில் ஒரு தோல் டாக்டரைப் பார்க்கப் போனேன்.

காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் என் விரலைக் கவனித்துவிட்டார்.

"மருவா மேடம்? இதுக்கு எதுக்கு டாக்டரு? பிளேடால சீவி விட்ருங்க. நான் அப்படித்தான் பண்ணேன்."

"போயிடுச்சா?"

"சுத்தமா!" என்று பெருமையாகக் கையை நீட்டினார்.

சீவிய இடத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகப் புது மருக்கள்.

"அப்ப இதெல்லாம்?"

"இது வேற மேடம். சூட்டுக் கொப்புளம். பெங்களூர்ல இப்ப வெயில் ஜாஸ்தி இல்ல?"

உள்ளே டாக்டரம்மா என் விரலைப் பார்த்துவிட்டு, "இது சாதாரண வைரஸ்மா. வெட்டினா, கிள்ளினா பரவும். இந்த மருந்த தினமும் மரு மேல மட்டும் வைங்க. போக மாசக்கணக்கா ஆகலாம். துண்டு தனியா வெச்சுக்கோங்க. பிளாஸ்டர் போட்டு மூடிட்டுப் பொண்ணு கையப் புடிங்க, ஒண்ணும் பயமில்ல" என்றார்.

வெளியே வந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் மெதுவாகக் கேட்டார்: "பிளேடு மேட்டர உள்ள சொல்லிட்டீங்களா?"

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய மகளிடம் பிளாஸ்டர் போட்ட விரலை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

சுண்ணாம்பு, பூண்டு, தலைமுடி வைத்தியர்கள் கமெண்டில் தாராளமாக வரலாம். கூடவே உங்கள் கையின் போட்டோவையும் போட்டுவிடுங்கள்.