நூற்றுப் பதினேழு

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் நூத்திப்பதினேழு. மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். இருபது வருஷமாக நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தத்தைத் தாளில் குறிப்பவர். திரையில் நூற்றுப் பதினேழு என்று வந்தால் மற்றவர்கள் நூற்று இருபது என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவர் நூற்றுப் பதினேழு என்றுதான் எழுதுவார். மூன்றில் என்ன முழுகிப் போகிறது என்று ஒரு டாக்டர் கேட்டதற்கு, "அந்த மூணு அவரோடது டாக்டர், நான் எப்படிக் கூட்டிப் போடறது?" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர்.

நான் அதே தியேட்டரில் நர்ஸ். அவரைவிட எட்டு வயது மூத்தவள். வாயும் கொஞ்சம் நீளம். அவரோடு சண்டை போடாமல் ஒரு வாரம் போனதில்லை. நான் எண்ணி முடித்த பஞ்சையும் கத்தரிக்கோலையும் இன்னொரு தரம் எண்ணச் சொல்லி உயிரை வாங்குவார். ஆனால் முதுகெலும்பு ஆபரேஷன் என்றால், அவர் வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் நான் கை கழுவப் போவேன்.

காரணம் உண்டு. முதுகு ஆபரேஷனில் ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து மயக்கிவிட்டு, அப்புறம் குப்புறத் திருப்ப வேண்டும். மயக்க மருந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். அந்த நேரத்தில் புரட்டினால் அழுத்தம் மளமளவென்று இறங்கும். ரொம்ப இறங்கினால் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இரத்தம் போதாது. ரொம்ப ஏறினாலோ, வெட்டிய இடமெல்லாம் இரத்தம் கசிந்து சர்ஜனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஆளைப் பத்திரமாக நிறுத்துவது மயக்க டாக்டரம்மாவின் வேலை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லித் தோளைத் தாங்கிப் புரட்டுவது நூத்திப்பதினேழின் வேலை. எத்தனையோ பேரைத் தாங்கித் தாங்கி, கடைசியில் சொந்த முதுகைக் கோட்டைவிட்டார்.

முதலில் இடுப்பு வலி என்றார். பிறகு வலது கால் மரத்துப் போகிறது என்றார். ஒருநாள் வராந்தாவில் ஒற்றைச் செருப்போடு நடந்து போகிறார். மற்றது கழன்று பத்தடி பின்னால் கிடக்கிறது, மனுஷனுக்குத் தெரியவே இல்லை. நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். திட்டலாம் என்று போனவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, முதலில் ஸ்கேன் எடுங்கள் என்றேன். ஸ்கேனில், கீழ்முதுகில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. வலது கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை. தள்ளிப்போட்டால் பாதத்தின் பலம் திரும்பி வராமலே போகலாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை; பாதம் போனால் வேலையும் போன மாதிரிதான்.

நாள் குறித்தார்கள். மேசையில் படுத்ததும் பயத்தில் அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வேறு. இவ்வளவு ஏறியிருக்கும்போது மயக்க முடியாது என்று டாக்டரம்மா மேசையிலிருந்து இறக்கிவிட்டார். வீட்டுக்குப் போகும்போது காலை இழுத்துக்கொண்டு போனார்.

ஆறு நாள் கழித்து மறுபடி வந்தார். அவர் சாப்பிடுகிற வகை மாத்திரையை ஆபரேஷன் அன்று காலையில் விட்டுவிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. அது உடம்பில் இருந்தால் மயக்கத்தில் அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். ஏற்றுகிற மருந்துக்கும் லேசில் மசியாது. அதனால் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. அவரே எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்டேன். "காலையில பிரஷர் மாத்திரை எடுத்தீங்களா தம்பி?" இல்லை என்று தலையாட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கையில் அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டினோம். நூற்றுப் பன்னிரண்டு. டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். இன்றைக்குச் சமத்தாக இருக்கிறீர்களே என்று மருந்தை ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அவர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைத் திறந்து தாளில் வைக்கும்போது சொன்னார்.

"டாக்டர், அது என் நம்பர் இல்ல."

மறுபடி இறக்கி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். விடிந்ததும் வீட்டுக் கருவியில் அளந்து பார்த்திருக்கிறார், நூற்று எண்பது. ஒரு மாத்திரை போட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரான் உடம்பில் மூன்றைக் கூட்டிப் போட மாட்டேன் என்ற மனுஷன், தன் உடம்பில் அறுபத்தெட்டைக் குறைத்து வைத்துக்கொண்டு வந்து படுத்திருக்கிறார். தியேட்டர் என்றும் பார்க்காமல் கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

டாக்டரம்மா கத்தவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தார்.

"பயத்துல ஏறினா என்கிட்ட மருந்து இருக்கு. நீங்க மறைச்சா என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

சர்ஜனிடம் பேசி மறுநாள் காலைக்கு மாற்றினார்கள். ஒருநாளில் பாதம் ஒன்றும் ஓடிப்போய்விடாது என்று சொல்லி, வார்டிலேயே படுக்கவைத்தார்கள். மாத்திரைப் பெட்டியை நான் பிடுங்கி என் அலமாரியில் பூட்டினேன். மயக்கும் முறையையும் டாக்டரம்மா மாற்றினார். முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைக்கலாம். ஒரே ஒரு வட்டு, சின்ன ஆபரேஷன், அது போதும் என்றார். அதிலும் அழுத்தம் இறங்கும்தான். ஆனால் ஆள் விழித்திருப்பார், தன் உடம்பு என்ன செய்கிறது என்று தானே சொல்வார். இனி உள்ளதை உள்ளபடி சொல்வீர்களா என்று கேட்டார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் மேசையில் நூற்று அறுபத்தெட்டு. பயம்தான். டாக்டரம்மா கொஞ்சம் அமைதிக்கு மருந்து கொடுத்துப் பத்து நிமிடம் காத்திருந்தார். நூற்று ஐம்பத்தொன்றுக்கு வந்தது. உட்காரவைத்து முதுகில் ஊசி போட்டார். கால் மரத்ததும் திருப்ப வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நான் சொன்னேன். மரத்த கால்களை நாங்கள் தூக்க, அவர் கைகளை ஊன்றித் தன்னைத் தானே புரட்டிக்கொண்டார். அவர் கைத்தாங்கல் இல்லாமல் அந்த மேசையில் ஒருவர் குப்புறப் படுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பட்டை இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் வந்தது. "குமட்டுது டாக்டர். இறங்குது."

டாக்டரம்மா மருந்தை ஏற்றிய பிறகுதான் திரையில் தொண்ணூற்று நான்கு வந்தது. கருவியை ஆள் முந்திக்கொண்டார். அடுத்த அளவு நூற்றுப் பத்தொன்பது. அன்றைக்குத் தாளில் எழுதுகிறவள் நான். கைப்பழக்கம், நூற்று இருபது என்று போட்டேன்.

"எவ்வளவு சிஸ்டர்?" என்று துணிக்கு அடியிலிருந்து கேள்வி.

சொன்னேன்.

"திரையில என்ன இருக்கு?"

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்தார். முதுகைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த சர்ஜனும் சிரித்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் மரத்துப்போன காலில் வெற்றியா தோல்வியா என்று எப்படித் தெரியும்? உணர்ச்சி திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மனைவியை உள்ளே கூப்பிட்டோம். தையல்கடை வைத்திருப்பவர், விரல்கள் சும்மா இருக்காமல் போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தன. மரப்பு போய்விட்டதா என்று என்னை நாலு தடவை கேட்டார். இரண்டு மணி சுமாருக்கு இடது கால் அசைந்தது. வலது கால் அசையவில்லை. நான் வேலை இருக்கிற மாதிரி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு டாக்டரம்மா போர்வையை விலக்கி, வலது கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் என்றார். அவர் பல்லைக் கடித்தார். விரல் தூங்கி எழுகிற மாதிரி மெதுவாக மேலே வந்தது. கொஞ்சம்தான், ஒரு விரற்கடைகூட இருக்காது. அவர் மனைவி அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, நீங்களா தூக்கினீங்க?"

"ஆமா" என்றார். கண்ணீர் காதோரம் வழிந்து தலையணையில் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று ஐம்பத்தெட்டு. எனக்கும் கண் மறைத்தது. ஏதோ ஒரு நல்ல எண்ணாகப் போட்டுவிடலாம், பாவம் என்று ஒரு நினைப்பு வந்ததையும் மறைப்பானேன். அவர் திரையைப் பார்த்தார், என் பேனாவைப் பார்த்தார்.

"அப்படியே எழுதிடுங்க சிஸ்டர். பக்கத்துல, அழும்போது எடுத்ததுன்னு குறிச்சிடுங்க."

அப்படியே எழுதினேன்.