முகம் தெளிவாக விழ வேண்டும்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு கேமராதான் வாங்கியிருக்கிறேன். அதையும் ஒரு மனிதரைக் கவிழ்ப்பதற்காகவே வாங்கினேன்.

அப்போது சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு குடியிருப்புக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே எனக்குப் பாதுகாப்பு மேற்பார்வை வேலை. மாடி மாடியாக ஏறி, எந்தப் பள்ளம் மூடவில்லை, எங்கே தடுப்புக் கம்பி இல்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சரிசெய்ய வேண்டியவர் சைட் இன்ஜினியர். அவரும் என்னைப் போல் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்தான். ஆனால் அதை நினைவுபடுத்தினால் அவருக்குப் பிடிக்காது.

நான்காம் மாடிப் படிக்கட்டுக்குக் கீழே குழாய்க்காக விட்ட ஓட்டை ஒன்று மூடாமல் கிடந்தது. இரண்டு முறை சொன்னேன். "பாக்கலாம்யா, கான்கிரீட் வண்டி நிக்குது" என்றார். என் பழைய போனில் ஒரு படம் எடுத்து வைத்தேன். மறுநாள் மூட்டை தூக்கி வந்த தொழிலாளி ஒருவர் அதில் காலை விட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு மேலாளர் வந்தார். சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். இருபது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் இன்ஜினியர், "இவர் எனக்கு எதுவுமே சொல்லல" என்றார். நான் போனை நீட்டினேன். இன்ஜினியரே அதை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"இதுல என்ன தெரியுது? கருப்புப் பூனைய இருட்டுல படம் எடுத்த மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். படத்தில் உண்மையிலேயே எதுவும் தெரியவில்லை. எச்சரிக்கைக் கடிதம் என் பெயருக்கு வந்தது. அடுத்த வாரம் மாடிகளில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்று இன்ஜினியர் ஒரு விதியும் கொண்டுவந்தார். கம்பெனி கேமரா அவருடைய மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தது.

அந்தச் சிரிப்பை நான் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிடும்போதும் அது கேட்டது. கால் முறிந்தவரைவிட என் அவமானத்தைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சொந்தக் கேமரா கொண்டுவரலாமா என்று மேலாளருக்கு எழுதிக் கேட்டேன். "கேன்", அதாவது கொண்டுவரலாம் என்று, ஒரே சொல்லில் பதில் வந்தது. கீழே ஒரு நிபந்தனை: படங்களை சைட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி, கம்பெனிப் படிவத்தோடுதான் அனுப்ப வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு கிழம். அதில் புதிதாக எந்த மென்பொருளையும் ஏற்ற முடியாது. கேபிள் செருகும் துளைகளையெல்லாம் ஒட்டி அடைத்திருந்தார்கள். பக்கவாட்டில் மெமரி கார்டு செருகும் பிளவு மட்டும் திறந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருந்த ஃபேரர் பார்க்கிலேயே ஒரு கேமரா கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா சிங்கப்பூரிலேயே பிறந்தவர், ஐம்பது வயது இருக்கும். பழைய சின்னக் கேமராதான் இப்போது ஸ்டைல் என்று மாணவிகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்கள் போனதும் என்னிடம் திரும்பினார்.

"எதுக்கு தம்பி? வெட்டிங்கா, டூரா?"

"ஒரு ஆள மாட்டிவிடணும்க்கா."

அவர் கையிலிருந்த கேமராவைக் கீழே வைத்தார். "வைஃப் மேட்டர்னா வேற கடை பாருங்க லா. எனக்கு அந்தப் பிரச்சனை வேணாம்."

முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்க கம்ப்யூட்டர் எத்தன வருஷப் பழசு?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு மூன்று கேமராக்களை எடுத்து வைத்து, கவுண்டருக்கு அடியில் இருட்டில் இருந்த அட்டைப்பெட்டியை ஒவ்வொன்றிலும் படம் எடுக்கச் சொன்னார். மலிவானதில் பெட்டி புழுதி படிந்தது போல் விழுந்தது. விலை கூடியதில் அற்புதமாக விழுந்தது. ஆனால் அதன் கார்டு புது வகை, என் கம்ப்யூட்டரின் பிளவுக்குள் நுழையவே நுழையாது என்றார். நடுவிலிருந்ததில் பெட்டியின் மேல் இருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. படத்தின் மூலையில் தேதியும் நேரமும் விநாடிவரை பதிந்திருந்தன.

"மெகாபிக்சல் நம்பரப் பாத்து ஏமாறாதீங்க. இருட்டுக்கு லென்ஸ்தான் முக்கியம். கார்டும் சின்னதா வாங்குங்க. பெரிய கார்டப் போட்டா பழைய கம்ப்யூட்டர் படிக்காது."

மறுநாள் காலை சைட் ஆபீசில் கார்டைச் செருகினேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் முனகிவிட்டுப் படங்களைத் திறந்தது. இரண்டு மேசை தள்ளி இன்ஜினியர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தேன். அவ்வளவு ருசியான தேநீரை நான் குடித்ததில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் எந்தக் குறையைக் கண்டாலும் உடனே சொல்லி மூட வைத்துக்கொண்டிருந்தேன். அவையெல்லாம் வெறும் பள்ளங்கள். எனக்கு வேண்டியது பள்ளமும் அவரும் ஒரே படத்தில்.

ஒன்பதாம் மாடியில் அது கிடைத்தது. கிரேன் இறக்கும் சாமான்களுக்கு வழிவிட ஓரத்துத் தடுப்புக் கம்பியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். விளிம்பில் ஒரு தொழிலாளி, மன்னார்குடிப் பக்கத்துப் பையன், பாதுகாப்புக் கயிற்றை எங்கும் மாட்டாமல் நின்றான். இரண்டடி தள்ளி இன்ஜினியர் வாக்கிடாக்கியில் கிரேன்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். என் கழுத்தில் விசில் தொங்கியது. அதை ஊதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் கேமராவைத் தூக்கினேன்.

முதல் படத்தில் அவருடைய முதுகு. இரண்டாவதில் பாதிக் கன்னம். அவர் திரும்பட்டும் என்று காத்திருந்தேன். பையன் சாமானைப் பிடிக்க வெளியே சாய்ந்தான், ஒரு கால் தரையிலிருந்து எழும்பியது. அப்போதும் நான் ஊதவில்லை. இன்ஜினியர் திரும்பினார், முகம் முழுசாக விழுந்தது, மூன்றாவது படம். அதன் பிறகுதான் விசிலை வாயில் வைத்தேன்.

பையன் உள்ளே வந்துவிட்டான். என்னைப் பார்த்து, "எப்பண்ணே வந்தீங்க?" என்றான்.

"இப்பதான்."

கீழே போய்க் கார்டைச் செருகியபோது மூன்று படங்களும் வரிசையாக வந்தன. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே நாற்பது விநாடி. மூன்றையும் அனுப்பினால் நான் நாற்பது விநாடி சும்மா நின்றது தெரிந்துவிடும். முதல் இரண்டையும் அழித்தேன். மூன்றாவதைப் படிவத்தோடு சேர்த்து மேலாளருக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் இன்ஜினியரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் அட்டைப்பெட்டியோடு வெளியேறியபோது வேண்டுமென்றே கேட் அருகே போய் நின்றேன், கேமரா கழுத்தில் தெரியும்படி. அவர் பார்த்தார். "சந்தோஷமாய்யா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன். அது பொய்யில்லை. அவர் விஷயத்தில் எனக்கு இன்றுவரை வருத்தமும் இல்லை.

சில நாள் கழித்து அந்தப் பையன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, அன்னிக்கு ஒம்பதாவது மாடில எடுத்தீங்களே, அதுல நானும் இருக்கேனாமே. எனக்கு ஒண்ணு குடுங்களேன். பின்னாடி பூரா சிங்கப்பூர் தெரியும்ல, அம்மாவுக்கு அனுப்பணும்."

"கம்பெனிப் படம்டா. வெளிய குடுக்கக் கூடாது."

விதி அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் அவனுடைய ஒரு கால் தரையில் இல்லை. அதை அவனோ அவன் அம்மாவோ உற்றுப் பார்ப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. அவனைக் கீழே அழைத்துப்போய், ஹெல்மெட்டை நேராக வைக்கச் சொல்லி, கேட் பக்கம் நிறுத்தி நாலைந்து படம் எடுத்தேன். பின்னால் பலகை வேலிதான் தெரிந்தது. திரையில் பார்த்துவிட்டு, "பரவால்லண்ணே, மூஞ்சி நல்லா விழுந்திருக்கு" என்றான்.